லெந்து கேதவீடு அல்ல

சாம்பல் புதன் வந்ததும் நம் சபைகளில் என்னென்ன நின்றுபோகின்றன என்று பாருங்கள். கல்யாணம் நின்றுவிடும். நிச்சயதார்த்தமும் பால்காய்ப்பும் ஈஸ்டருக்கு அப்புறம் என்று தள்ளிப்போகும். புதுத்துணி எடுக்க மாட்டார்கள். ஆல்டரில் பூச்சாடி இருக்காது, பெண்கள் தலையிலும் பூ இருக்காது. பாடகர் குழு இருப்பதிலேயே மெதுவான பாட்டைத் தேடிப் பிடித்து, அதை இன்னும் இழுத்துப் பாடும். "இது துக்க காலம், அன்பானவர்களே" என்று பிரசங்க பீடத்திலிருந்து அறிவிப்பு வரும். ஜீவன், மகிமை, சந்தோஷம் என்ற சொற்களையெல்லாம் ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கென்று எடுத்து வைத்துவிடுவார்கள். விவரம் தெரியாத ஒருவர் அந்த நாட்களில் நம் வீட்டுப் படியேறினால், "யார் தவறிப்போனது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாலும் கேட்பார்.

இதற்கெல்லாம் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது. லெந்து என்பது இயேசுவின் சாவுக்கு நாம் காக்கும் துக்கம், நாற்பது நாள் வாடி வதங்கினால் நாற்பத்தோராம் நாள் ஜீவனும் மகிமையும் கூலியாகக் கிடைக்கும் என்பதுதான் அது. சி.எஸ்.ஐ. சபையானாலும் கத்தோலிக்கப் பங்கானாலும் பெரும்பாலோர் மனசில் இருப்பது இதுவே. இதைத் தப்பு என்று சொன்னால் பக்தி குறைந்தவன் என்று பெயர் வரும். வரட்டும். இந்த எண்ணம் வேதத்தோடு ஒட்டவில்லை, சபையின் பழைய வழக்கத்தோடும் ஒட்டவில்லை. போதாக்குறைக்கு, நம்மில் சிலரைக் காயப்படுத்தவும் செய்கிறது.

ஊரிலிருந்தே தொடங்குகிறேன். பங்குனி பிறந்துவிட்டால் திருப்பரங்குன்றம் கல்யாண வீடு. சுப்பிரமணிய சுவாமிக்கும் தெய்வானைக்கும் திருக்கல்யாணம். மகன் கல்யாணத்தை நடத்திவைக்க மதுரையிலிருந்து மீனாட்சியும் சுந்தரேசுவரரும் புறப்பட்டு வருவார்கள். அதையொட்டிப் பெரிய தேர் கிரிவலப் பாதையில் மலையையே சுற்றி வரும். அதே நாட்களில், அதே மலை தெரியும் பசுமலையிலும் சுற்றுப்பட்டுத் தெருக்களிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் லெந்து அனுசரித்துக்கொண்டிருக்கும். இது தற்செயலும் அல்ல. பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருவது. ஈஸ்டரோ மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அதனால் பல வருஷங்களில் இரண்டுக்கும் ஒரே நிலாதான் கணக்கு. 2025-இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, பெரிய வெள்ளி ஏப்ரல் 18. அதே வருஷம் மார்ச் 2-ஆம் தேதி ரமலான் நோன்பு தொடங்கியது, மார்ச் 5 சாம்பல் புதன். ஆக, உச்சியில் தர்காவும் அடிவாரத்தில் கோயிலும் உள்ள ஒரு மலையைச் சுற்றி, ஒரே பருவத்தில் மூன்று சமயத்தாரும் ஏதோ ஒன்றைக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டாரின் விரதம் எப்படி இருக்கிறது? ஐப்பசியில் கந்த சஷ்டிக்குக் காப்புக் கட்டிக்கொண்டு ஆறு நாளும் கோயில் மண்டபத்திலேயே தங்கிவிடும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். வயிறு காய்ந்து கிடக்கும். ஆனால் குளித்து, மஞ்சள் பூசி, பூ வைத்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள். நோன்பு திறக்கும் நேரம் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகள் முகத்தில் சோகத்தைத் தேடினாலும் கிடைக்காது. கேதவீடு வேறு. அங்கே தலையில் எண்ணெய் இல்லை, அடுப்பு எரியாது, வந்தவர் "வாங்க" என்ற சொல்லை எதிர்பார்க்க மாட்டார். விரத வீட்டிலும் சாப்பாடு இல்லை, கேத வீட்டிலும் சாப்பாடு இல்லை. ஆனாலும் இந்த ஊரில் சின்னப் பிள்ளைகூட இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. ஒன்றில் யாரோ வரப்போகிறார்கள், மற்றதில் யாரோ போய்விட்டார்கள். நாம்தான் லெந்தை விரத வீடாக நடத்தாமல் கேத வீடாக நடத்துகிறோம்.

"அவர்கள் வழக்கம் நமக்கெதற்கு, நமக்கு வேதம் போதும்" என்பார்கள். நல்லது, வேதத்துக்கே வருவோம். சாம்பல் புதனன்று கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படும் நற்செய்தி மத்தேயு ஆறாம் அதிகாரம். அதில் இயேசு சொல்வது என்ன? நோன்பு இருக்கும்போது மாயக்காரரைப்போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், முகத்தைக் கழுவிக்கொள் என்கிறார். கேதவீட்டில் எதைச் செய்ய மாட்டார்களோ, அதைச் சொல்லிவைத்தாற்போலச் செய்யச் சொல்கிறார். பருவத்தின் முதல் நாளே இந்தப் பகுதியை வாசித்துவிட்டு, மறுநாளிலிருந்து நாற்பது நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிகிறோம். கேட்ட காதுக்கும் நடக்கும் காலுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

நாட்கணக்கைப் போட்டுப் பாருங்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள் வரும். நாற்பது ஆவது எப்படி? ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிடுகிறார்கள். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அன்றைக்கு நோன்பு கிடையாது என்பது பழைய சபையின் பிடிவாதம். நாற்பது நாளைக் குறிப்பிடும் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று 325-ஆம் ஆண்டின் நிசேயா சங்க விதிகள். அதே விதித் தொகுப்பின் கடைசி விதி, ஞாயிற்றுக்கிழமையில் யாரும் முழங்காலிடாமல் நின்றுகொண்டே ஜெபிக்க வேண்டும் என்கிறது. நம் சபைகளிலோ லெந்தின் ஞாயிறுதான் வாரத்திலேயே அழுகை மிகுந்த நாள். லெந்தின் நாலாம் ஞாயிறு ஒரு படி மேலே: அன்று ஊதாவுக்குப் பதில் ரோஜா நிற உடையில் குரு பலிபீடம் ஏறலாம், பலிபீடத்தில் பூ வைக்கலாம் என்று மேற்கத்தியத் திருச்சபை வைத்திருக்கிறது. அதற்குச் 'சந்தோஷ ஞாயிறு' என்றே பெயர். எத்தனை சபைகளில் இது தெரியும்?

இந்த நாற்பது நாள் தொடக்கத்தில் யாருக்காக வந்தது என்பதும் முக்கியம். ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெறப்போகும் புதியவர்களை ஆயத்தம் செய்யும் காலம் அது. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண்மணி, அங்கே ஆயர் லெந்து முழுவதும் நாள்தோறும் உட்கார்ந்து அந்தப் புதியவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். அவர்களுக்கென்று அமைந்த வாசிப்புகளைக் கத்தோலிக்கரும் வேறு பல சபையாரும் மூன்றாண்டுச் சுற்றின் முதல் ஆண்டில் இன்றும் வாசிக்கிறார்கள். மூன்றாம் ஞாயிறு, கிணற்றடியில் சமாரியப் பெண். நாலாம் ஞாயிறு, பிறவிக் குருடனுக்குப் பார்வை. ஐந்தாம் ஞாயிறு, லாசரு கல்லறையைவிட்டு வெளியே வருவது. தண்ணீர், வெளிச்சம், உயிர். மூன்றும் யோவானில் இருக்கின்றன, மூன்றும் லெந்துக்கு நடுவில் வருகின்றன. கத்தோலிக்கருக்கு இரண்டாம் ஞாயிறு எந்த ஆண்டானாலும் மலைமேல் இயேசு ஒளிமயமாக மாறிய நிகழ்ச்சிதான் நற்செய்தி. ஈஸ்டர் வரை மகிமையைப் பூட்டி வைக்கச் சொன்னது யார்? வாசக அட்டவணை சொல்லவில்லை.

யோவானிடம் கொஞ்சம் நின்றுதான் ஆகவேண்டும், ஏனென்றால் 'முதலில் சிலுவை, பிறகு மகிமை' என்ற வரிசையை ஒரேயடியாக உடைப்பவர் அவர். மற்ற மூன்று நற்செய்திகளிலும் உள்ள மலைமேல் ஒளி அவருடைய நற்செய்தியில் இல்லை. கெத்செமனேயின் இரத்த வியர்வையும் இல்லை, கைவிட்டீரே என்ற கதறலும் இல்லை. அங்கே இயேசு தம் சிலுவையைத் தாமே சுமந்துகொண்டு போகிறார். அவர் தம் மகிமையை முதன்முதலில் வெளிப்படுத்தியது எங்கே என்று யோவான் கணக்காகச் சொல்கிறார்: கானாவூர்க் கல்யாண வீட்டில். (அந்தக் கல்யாணம் லெந்துக்குள் விழுந்திருந்தால் நம் கமிட்டிகள் தேதியை மாற்றச் சொல்லியிருக்கும்.) பிறகு பன்னிரண்டாம் அதிகாரத்தில் கிரேக்கர் சிலர் பார்க்க வந்தபோது, தாம் மகிமைப்படும் வேளை வந்துவிட்டது என்கிறார். எந்த வேளை? சாகப்போகும் வேளை. மண்ணில் விழுந்து செத்துப் பலன் கொடுக்கும் கோதுமை மணியைப் பற்றிப் பேசுவதும் அதே மூச்சில்தான். திருப்பரங்குன்றத்துத் தென்கால் கண்மாய்ப் பாசனத்தில் விதைநெல் தெளித்தவருக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. யோவானுக்குச் சிலுவை என்பது மகிமைக்குக் கட்ட வேண்டிய கட்டணம் அல்ல. சிலுவையிலேயே மகிமை இருக்கிறது. தம்மை முழுக்கக் கொடுத்துவிடுகிற அன்புதான் கடவுளின் மகிமை என்றால், அதைப் பார்க்க ஈஸ்டர் காலைவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இது எங்கோ மேல்நாட்டிலிருந்து வந்த சங்கதி என்று தள்ளவும் முடியாது. பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்து, பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி யோவானைப் பற்றியே இரண்டு புத்தகம் எழுதினார். 1927-இல் வந்தது கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகப் பார்த்த நூல். 1931-இல் வந்தது மோட்சம் என்றால் என்ன என்று கேட்டு, யோவான் சொல்லும் 'ஜீவனை' ஆராய்ந்த நூல். ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் படித்த கண்ணோடு யோவானைப் படித்தவர் அவர். நித்திய ஜீவன் செத்த பிறகு கிடைக்கும் சொத்து அல்ல, கடவுளோடு இப்போதே கூடி வாழும் வாழ்வு என்பதை நம் மண்ணின் பக்தி வழியே அவர் விளக்கினார். மதுரைக்கு இன்னும் நெருக்கமான சாட்சி ஒருவர் உண்டு. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை–இராமநாதபுரம் பேராயத்தின் முதல் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகின், 1982-இல் யோவான் நற்செய்திக்கு ஒரு விளக்கவுரை வெளியிட்டார். வெளிச்சம் வந்துவிட்டது என்பதுதான் அதன் தலைப்பு. வரப்போகிறது என்று அவர் வைக்கவில்லை.

சரி, வேதம் ஒருபுறம் இருக்கட்டும், முன்னோர் வழக்கத்தை எப்படி விடுவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு. மதுரைப் பக்கத்துப் புரொட்டஸ்டண்ட் சபைகளுக்கு வித்திட்டது அமெரிக்கன் மதுரை மிஷன். 1834-இல் யாழ்ப்பாணம் வழியாக மதுரைக்கு வந்தவர்கள். திருமங்கலத்தில் தொடங்கிய செமினரியை 1845-இல் பசுமலைக்குக் கொண்டுவந்தார்கள், அமெரிக்கன் கல்லூரியின் வேரும் அங்கேதான் இருக்கிறது. நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் வழியில் வந்த சபை அவர்களுடையது. அந்த வழியார் 1659-இல் மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே அபராதம் என்று சட்டம் போட்டு, 1681 வரை வைத்திருந்தவர்கள். லெந்தெல்லாம் அவர்கள் கண்ணுக்கு ரோமாபுரிச் சரக்கு. ஆங்கிலிக்கர்களும் மெதடிஸ்டுகளும் காங்கிரகேஷனலிஸ்டுகளும் பிரஸ்பிடேரியன்களும் 1947 செப்டம்பர் 27 அன்று சேர்ந்த பிறகுதான் சபை நாட்காட்டி பெருமளவுக்கு எல்லோருக்கும் பொதுவானது. லெந்து வந்தது நல்லதுதான், நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 'தலைமுறை தலைமுறையாய்' என்று தொடங்கும்போது பசுமலை மிஷனரிகளின் கல்லறைகளையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கரிடம் கேட்டால் ராபர்ட் தெ நோபிலியைச் சொல்வார்கள். 1606-இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, புலாலை விட்டு, ஒரு வேளை மட்டும் உண்டு வாழ்ந்த இயேசு சபைத் துறவி. ஒறுத்தலுக்கு இந்த மண்ணில் இருக்கும் மதிப்பை அவர் சரியாகக் கணித்தார். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது சந்நியாசியின் வேஷம், இழவு வீட்டுக்காரனின் வேஷம் அல்ல. மேலும், இன்றைய கத்தோலிக்கச் சட்டத்தில் கட்டாய நோன்பு சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டே நாள், வெள்ளிக்கிழமைகளில் புலால் மறுத்தல் தனி. லெந்தில் திருமணமே கூடாது என்ற தடை 1983-இன் சட்டத் தொகுப்பில் இல்லை. விதி தளர்ந்தும் முகம் தளரவில்லை.

எதிர்த்தரப்பு கையில் வலுவான வசனம் ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. மணவாளன் கூட இருக்கும்போது தோழர் நோன்பிருக்க முடியுமா, அவன் எடுத்துக்கொள்ளப்படும் நாள் வரும், அப்போது நோன்பிருப்பார்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். இதை வைத்து லெந்து என்பது மணவாளனைப் பறிகொடுத்த துக்கம் என்கிறார்கள். நோன்பு உண்டு என்பதற்கு அந்த வசனம் ஆதாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடுத்துக்கொள்ளப்பட்ட மணவாளன் மூன்றாம் நாள் திரும்பி வந்தானா இல்லையா? வந்தான் என்று நம்புகிறவன்தான் கிறிஸ்தவன். உயிரோடிருப்பவருக்கு வருஷந்தோறும் நாற்பது நாள் துக்கம் காப்பது விசுவாசமா, மறதியா? பாவத்துக்காக மனம் வருந்துவது வேறு. மனந்திரும்புதல் லெந்தின் உயிர்நாடி. ஆனால் மனந்திரும்பிய இளைய குமாரனுக்கு அப்பா கேதவீடா நடத்தினார்? கொழுத்த கன்றை அடிக்கச் சொன்னார். வெளியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது மூத்தவன்தான்.

இந்தத் துக்கத்தை யார் சுமக்கிறார்கள் என்று பாருங்கள். ஆண்கள் லெந்துக்கு விடுவது கறி, சிலர் சிகரெட், இப்போது புதிதாக வாட்ஸப். விட்டதை ஊருக்கே சொல்லியும் விடுவார்கள். துக்கத்தின் அடையாளமெல்லாம் பெண்கள் உடம்பில்தான் ஏறுகிறது. கலர்ச் சேலை கூடாது, பூ கூடாது, வளையலைக் குறைத்துக்கொள். பங்குனி சித்திரைதான் மதுரை மல்லிக்கு வரத்துக் கூடும் பருவம். ஊரே மணக்கும்போது சபைக்கு வரும் பெண்கள் தலை மட்டும் வெறுமையாக இருக்கும். ஒரு பெரிய வெள்ளியன்று ஆலய வாசலில் நான் பார்த்தது இது. ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று ஒற்றைச் சரம் மல்லிகை வைத்து வந்தது. வாசலில் நின்ற மூத்த பெண்மணி ஒருவர் ஒன்றும் பேசாமல் சடையிலிருந்து சரத்தை உருவி, பிள்ளையின் அம்மா கைப்பையில் திணித்தார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிள்ளை பின்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனது.

உள்ளே பெஞ்சில் கணவனை இழந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வருஷம் முழுக்கவே பூ கிடையாது, நம் சமூகம் அப்படி வைத்திருக்கிறது. கிறிஸ்தவர்களாகியும் நாம் அதைப் பெரிதாக மாற்றவில்லை. பூ இல்லாத தலை என்றால் துக்கம், துக்கம் என்றால் அமங்கலம் என்ற அதே கணக்கைத்தான் லெந்தில் சபையே புனிதப்படுத்துகிறது. ஈஸ்டர் அன்று மற்றவர்கள் பூ வைத்துக்கொண்டு வருவார்கள், இவர்களுக்கு லெந்து முடியாது. உயிர்த்தவரை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று அன்றைக்கே பிரசங்கமும் நடக்கும். இந்த முரண்பாட்டைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இனி, உண்மையிலேயே என்னைத் தயங்க வைக்கும் மறுப்பு ஒன்று. "கஷ்டப்படுகிற ஜனத்துக்குக் கஷ்டப்பட்ட இயேசுதான் ஆறுதல். அவர்கள் பெரிய வெள்ளியில் அழுவதையும் பிடுங்கிவிடாதே" என்று ஒரு போதகர் என்னிடம் சொன்னார். மும்மணி ஆராதனைக்குப் போனவர்களுக்கு இது புரியும். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைக்கு ஏழு பேர் பிரசங்கம். (1687 நிலநடுக்கத்துக்குப் பிறகு பெரு நாட்டு லிமா நகரில் ஓர் இயேசு சபைக் குரு தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் ஆராதனை இது. இன்று நம் புரொட்டஸ்டண்ட் சபைகள் அதை விடாப்பிடியாகக் காக்கின்றன.) 'தாகமாயிருக்கிறேன்' என்ற ஐந்தாம் வார்த்தைக்கு வரும்போது வெக்கையும் தாகமும் எல்லோருக்குமே நிஜமாகியிருக்கும். பின்வரிசையில் அழும் பெண்கள் நடிக்கவில்லை. மகனைக் குடிக்குப் பறிகொடுத்தவரும், கந்துவட்டிக்காரன் வாசலில் நின்றவரும் அங்கே தங்கள் சொந்த அழுகையைத்தான் அழுகிறார்கள்.

அந்த அழுகையை நான் தொடவில்லை. லாசருவின் கல்லறையில் இயேசுவே அழுதார். ஆனால் அதே யோவான் பதினோராம் அதிகாரத்தில், அதே கல்லறை வாசலில், விசுவாசித்தால் தேவனுடைய மகிமையைக் காண்பாய் என்று மார்த்தாளிடம் சொன்னதும் அவர்தான். கண்ணீரும் மகிமையும் ஒரே இடத்தில் இருந்தன, ஒன்று முடிந்து மற்றது வரவில்லை. இன்னொன்றும் உண்டு: அவர் அழுதது நாட்காட்டியைப் பார்த்து அல்ல, எதிரே நிஜமாக ஒரு பிணம், நிஜமாக அழும் இரண்டு சகோதரிகள். நிஜத் துக்கம் உள்ளவருக்குச் சபை துக்கத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. நிஜத் துக்கம் இல்லாதவருக்கோ நாற்பது நாள் சோக முகம் மலிவான வசதி. இயேசுவுக்காக அழுதாயிற்று, இனிப் பக்கத்துத் தெருக்காரனுக்காக அழத் தேவையில்லை.

மதுரை மாவட்டத்தில்தான் மேலவளவு இருக்கிறது. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குத் தேர்தலில் நின்று ஜெயித்த ஒரே குற்றத்துக்காக, 1997 ஜூன் 30 அன்று பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவரோடு ஐவரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். யோவான் சொல்வதுபோல் கடவுளின் மகிமை கொல்லப்பட்டவரிடத்தில் இருக்கிறது என்றால், அது ஆறுதல் பேச்சாக நின்றுவிடாது. அரிவாள் பிடித்தவனிடமும் அவனுக்கு அஞ்சி ஒதுங்கியவனிடமும் மகிமை இல்லை என்ற தீர்ப்பும் அதில் இருக்கிறது. 'பாவம், இயேசு எவ்வளவு பாடுபட்டார்' என்று உச்சுக் கொட்டும் லெந்தில் இந்தத் தீர்ப்பு காதில் விழாது.

துக்கக் கட்சிக்கு நேர் எதிராகத் தெரியும் இன்னொரு கூட்டமும் நம் ஊரில் வளர்ந்திருக்கிறது. ஜனவரி முதல் தேதி வாக்குத்தத்த அட்டை எடுத்து, இந்த ஆண்டு மகிமையின் ஆண்டு, இரட்டிப்பான ஆண்டு என்று கைதட்டுகிறவர்கள். அவர்களுக்கு லெந்தும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். இவர்களைக் காட்டித்தான் துக்கத்தைக் காப்பவர்கள் தங்களை நியாயப்படுத்துகிறார்கள்: "பார், சிலுவையை விட்டவன் கதியை." எனக்கோ இரண்டு பேரும் ஒரே கட்சி. சிலுவை வேறு, மகிமை வேறு என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஒருவர் மகிமையைத் தள்ளிப்போடுகிறார், மற்றவர் சிலுவையைத் தள்ளிவிடுகிறார்.

அப்படியானால் லெந்தில் என்னதான் செய்வது? ஏசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரம் நோன்பைப் பற்றிப் பேசுகிறது. நாணலைப்போலத் தலையைச் சாய்த்து, சாம்பலில் உட்கார்வதா நோன்பு என்று கேட்டுவிட்டு, நுகத்தை முறி, பசித்தவனுக்கு உன் அப்பத்தில் பங்கு கொடு, வீடற்றவனை வீட்டுக்குள் சேர் என்கிறது. அப்படிச் செய்தால் விடியல் போல வெளிச்சம் வரும், கர்த்தருடைய மகிமை பின்னால் காவலாக வரும், நீர் பாய்ந்த தோட்டம்போல் இருப்பாய் என்று தொடர்கிறது. மகிமையும் ஜீவனும் நோன்புக்குள்ளேயே வந்துவிட்டன, கவனித்தீர்களா? அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டிய போதகர் தியோபிலஸ் அப்பாவு – 2005-இல் காலமானார் – இதை ஒரே உலையில் சமைத்து எல்லோரும் சேர்ந்து உண்பது என்று பிடித்துக்கொண்டார். சாதிக்கொரு அடுப்பு எரியும் ஊரில் ஒரே உலை என்பது எவ்வளவு பெரிய பேச்சு என்று விளக்க வேண்டியதில்லை. நாற்பது நாள் கறி எடுக்காமல் மிச்சமான காசு என்ன ஆனது என்று நம் வீடுகளில் கேட்டால், ஈஸ்டர் பிரியாணியில் போய் நிற்கும். காணிக்கை உறையில் கடைசி வாரம் அவசரமாக ஒரு ஐம்பது ரூபாயைச் செருகிக் கொடுத்திருப்போம்.

2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. லெந்து நிகழ்ச்சிகளை முடிவு செய்யப் பாஸ்டரேட் கமிட்டிகள் ஜனவரியில் கூடும். கமிட்டியில் இருக்கும் வாசகர்களே, பெண்கள் ஐக்கியத்து அக்காமாரே, அந்தக் கூட்டத்தில் மூன்று காரியத்தைக் கேளுங்கள். லெந்தின் நாலாம் ஞாயிறு, மார்ச் 7 அன்று, ஆல்டரில் பூ வையுங்கள். அன்றைக்கு வருகிற பெண்கள், கணவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விரும்பினால் பூ வைத்து வரலாம் என்று முந்தின வாரமே பீடத்திலிருந்து அறிவிக்கச் சொல்லுங்கள். லெந்தில் சேரும் காசை ஈஸ்டருக்கு அப்புறம் கணக்கு முடிக்கிறோம் என்று விடாமல், வாராவாரம் எண்ணி, சேகரத்துக்குள்ளேயே கடனில் இருக்கும் ஒரு வீட்டுக்கு அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். எதிர்ப்பு வரும். வந்தால் மத்தேயு ஆறாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துக் காட்டுங்கள்.